வலைக்குள் இருந்தவர்கள்

என் தம்பி நெவில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அவர்கள் வாசல் புல்லைத்தான். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் குனிந்து ஒரு இலையைக் கிள்ளி, முகர்ந்து, "தண்ணி அதிகமா விடுறீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கைகுலுக்குவான். அவன் மனைவி ஷீலா அவனை விட்டுப் போனதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. உண்மைக் காரணம் ஒன்றுதான். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் இருந்ததே இல்லை. எங்கள் ஊர் தார்ன்ஷாவில் மழை பெய்யாத ஞாயிறு என்பது அபூர்வம்.

டவுன் கால்பந்து அணியின் கிளெக் லேன் மைதானத்துப் புல்தரைக்கு அவன்தான் பொறுப்பாளன். எட்டு வயதில் அம்மாவின் கேக் தட்டில் மண்ணைப் பரப்பி, ஜன்னல் ஓரத்தில் புல் வளர்த்து, அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் அதை வரிவரியாக வெட்டியவன். தட்டும் போயிற்று, கத்தரிக்கோலும் போயிற்று. அம்மா துரத்தியபோது தட்டைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினான். வாங்கிய அடிகளைவிட அந்தப் புல் சாய்ந்துவிட்டதே என்றுதான் அழுதான். பள்ளிக்கூடம் அவனுக்கு ஒட்டவில்லை. எனக்கும் ஒட்டவில்லை, அது வேறு விஷயம். பதினாறு வயதில் டவுன் அணியின் மைதானத்தில் உருளை இழுக்கப் போனான். வேறு வேலைக்கு அவன் போகவே இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்: பனி கொட்டிய ஜனவரி மாதங்களில் இந்த வட்டாரத்தில் எல்லா மைதானங்களிலும் ஆட்டத்தை ரத்து செய்வார்கள், கிளெக் லேனில் மட்டும் பந்து உருளும்.

இப்போது பத்திரிகைகள் எல்லாம் எங்கள் அணியின் மேனேஜராக இருந்த டேமியன் ஃபேரோவைப் பற்றி எழுதுகின்றன. அவர் எங்கள் அணிக்கு என்ன செய்தார், என்ன விட்டுச் சென்றார், நாட்டு அணியை நடத்த அவரைவிடப் பொருத்தமானவர் உண்டா என்று பக்கம் பக்கமாக வருகிறது. என் தம்பியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எழுதிய ஒரு வரியும் பொய். அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டவுன் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஒருவர் இறந்தால், அவரை எரித்த சாம்பலில் ஒரு பங்கை மைதானத்துக்குக் கொண்டுவருவார்கள். மற்ற ஊர்களிலும் இது நடக்கிறது. ஆட்டம் முடிந்ததும் வேலி தாண்டி ஓடி, கையில் இருப்பதைக் காற்றில் வீசிவிட்டு, காவலாளி பிடிப்பதற்குள் திரும்பி ஓடிவிடுவார்கள். சாம்பல் புல்லைக் கருக்கிவிடும். காற்று திரும்பினால் வீசியவர் வாய்க்குள்ளேயே போகும். நெவிலுக்கு இந்த அரைகுறை வேலை அறவே ஆகாது. அவன் ஒரு முட்டைக் கிண்ணம் கொள்ளும் அளவுதான் வாங்குவான். வட்டக் கத்தியால் புல்லை வேரோடு ஒரு குடுவைபோல வெட்டித் தூக்குவான். அடியில் சாம்பலை மணலோடு கலந்து வைத்து, வெட்டிய புல்லை அப்படியே பொருத்திக் குதிகாலால் அழுத்துவான். அடுத்த நாள் வந்து தேடினால் இடம் தெரியாது. ஆட்டமில்லாத நாளில் காலையில் குடும்பத்தார் நாலைந்து பேர் நிற்பார்கள். இவன் தொப்பியைக் கழற்றுவான். யாரும் பிரசங்கம் செய்வதில்லை. "கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பான். அவ்வளவுதான்.

வைக்கும் இடம் தோல்பட்டறைப் பக்கத்து கோல் வலைக்குள். முன்பு அங்கே தோல் பதனிடும் பட்டறை இருந்தது. இப்போது இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கூட்டமாக நிற்பது அந்தப் பக்கம். கோல் கோட்டுக்குப் பின்னால், வலைக்குள்ளே, ஆட்டக்காரர்களின் ஆணி வைத்த பூட்ஸ் அதிகம் படாது. டவுன் கோல் போட்டால் பந்து வந்து விழுவதும் அங்கேதான்.

எங்கள் தெருவின் கோடியில் இருக்கும் ஜாய்ஸ் டக்வர்த் தன் புருஷன் ஆல்ஃபைக் கொண்டுவந்தபோது நான் உடன் போயிருந்தேன். ஆல்ஃப் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பப் அணிக்கு முன்வரிசையில் ஆடியவர். நெவில் புல்லை அழுத்தி முடித்ததும் ஜாய்ஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "உசுரோட இருந்தவரைக்கும் வலைக்குள்ள ஒரு பந்துகூட அடிக்கல. இப்ப பாரு, வலைக்குள்ளயே குடி வந்துட்டான்." நெவில் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியை முகத்துக்கு வைத்துக்கொண்டான்.

எங்கள் அப்பாவும் அந்த வலைக்குள்தான் இருந்தார்.

ஃபேரோ வந்தபோது டவுன் இரண்டாம் பிரிவில் தள்ளாடிக்கொண்டிருந்தது. தெற்கத்திக்காரர், நல்ல உயரம், குளிர்காலத்திலும் காலர் பொத்தான் திறந்திருக்கும். முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடந்தாராம். "நெவில், என் அணியில முதல் ஆளு நீதான், மத்தவங்க எல்லாம் உனக்கு அப்புறம்" என்றாராம். அன்று மாலை என் தம்பி என் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டான். உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, வேர் எவ்வளவு ஆழம் போகுதுன்னு கேட்டார் அக்கா. இதுவரைக்கும் எந்த மேனேஜரும் கேட்டதில்ல."

"கேட்டாரே, நீ சொன்னதைக் கேட்டுக்கிட்டாரா?"

"முழுசா நின்னு கேட்டார்."

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். மேல்பிரிவுக்கு ஏறினோம், பட்டங்கள் வந்தன, ஐரோப்பியக் கோப்பையும் வந்தது. திறந்த பேருந்தில் அவர் வந்தபோது நானும் தெருவில் நின்று கத்தினேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் ஜெயித்ததை யாரும் பிடுங்க முடியாது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதுதான் என் பேச்சு.

ஜெயிக்க ஜெயிக்க அவருக்குப் புல் போதவில்லை. இன்னும் குட்டையாக வெட்டு, இன்னும் ஈரம் வை, பந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றார். நெவில் செய்தான். கடைசியில் பழைய தரையையே முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, புல்லோடு பிளாஸ்டிக் நார் கோத்த புதுத் தரை போட வேண்டும் என்றார். அதற்கும் நெவில் மறுப்புச் சொல்லவில்லை. காலம் மாறுகிறது, நல்ல தரைதான் என்றான். ஒன்று மட்டும் கேட்டான். அவருடைய அறைக்கே போய், தோல்பட்டறைப் பக்கத்து வலைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னான். அந்தத் துண்டு மண்ணை இயந்திரம் தொடக் கூடாது, தானே கையால் வெட்டி எடுத்து, புதுத் தரை வந்ததும் திரும்ப வைத்துவிடுவதாகச் சொன்னான். ஃபேரோ எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "நீ சொல்ற வரைக்கும் அங்க ஒருத்தனும் கால் வைக்க மாட்டான், நெவில். இது என் வாக்கு."

கூடவே ஒரு பரிசும் கொடுத்தார். இத்தனை வருஷம் விடுமுறையே எடுக்காதவன், போர்ச்சுகல் கடற்கரைக்கு ஒரு வாரம் போய் வா, செலவு என்னுடையது என்றார். என் தம்பி விமானத்தில் ஏறியதே அப்போதுதான். புல் வெட்டும் கால்சட்டையோடு கடற்கரையில் நிற்கும் புகைப்படம் ஒன்றை எனக்கு அனுப்பினான். மூக்கு வெந்து, தோல் உரிந்து, ஃபேரோவுக்கென்று ஒரு ஒயின் பாட்டிலோடு திரும்பி வந்தான்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். அந்த வாரம் இங்கே நடந்தது மட்டும் தெரியாது. அவன் சொல்லவில்லை. இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் ஃபேரோ விலகுவதாக அறிவித்தார். அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. டெஸ்ஸின் மீன் வறுவல் கடை வரிசையில் நின்றால் போதும், நாட்டின் எதிர்காலமே முடிவாகிவிடும்.

"நாட்டு டீமுக்கு இவரைவிட்டா வேற நாதி யாரு?" என்றார் டெஸ், சிப்ஸைக் கொட்டிக்கொண்டே.

எனக்கு முன்னால் நின்ற ஒருவன் சொன்னான்: "போய் என்னத்தைக் கிழிப்பாரு? இங்க தினமும் பசங்களைப் புழிஞ்சு எடுத்தாரு. அங்க நாலு மாசத்துக்கு ஒருதடவை பத்து நாள் கையில குடுப்பாங்க. பேரு கத்துக்கிறதுக்குள்ள பஸ் கிளம்பிடும்."

"வேணும்கிற ஆளைக் காசு குடுத்து வாங்கவும் முடியாது," என்றான் இன்னொருவன்.

"அட, உனக்கு உப்பு போடணுமா வேண்டாமா, அதைச் சொல்லு முதல்ல. ஃபேரோவைப் பத்தி என் கடையில தப்பாப் பேசினா வினிகர் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். நாட்டு அணி என்பது இரவல் சாமான். ஒவ்வொரு ஊர் அணியும் தன் பிள்ளையை நம்பிக் கொடுக்கிறது. எலும்பு முறியாமல், மனது உடையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். பட்டம் ஜெயிப்பது ஒரு திறமை. வாங்கியதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது வேறு குணம். ஃபேரோவுக்கு அது இருக்கும் என்றுதான் அன்று நினைத்தேன். நெவிலை வைத்துத்தான் அப்படி நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நெவில் வந்தான். மீனையும் பட்டாணி மசியலையும் தட்டில் போட்டு வைத்தேன். தொடவில்லை.

"அக்கா, ஆபீஸ்லேர்ந்து அந்தப் பொண்ணு பிப்பா வந்துச்சு. ஃபேரோவுக்கு வழியனுப்பு விழா. ஒரு படம் எடுக்கிறாங்களாம். வலைக்குள்ள இருக்கிறவங்களைப் பத்தி யாரோ அதுகிட்ட சொல்லியிருக்காங்க. கண்ணு கலங்கிப்போச்சாம் அதுக்கு."

"நல்ல விஷயம்தானே?"

"அந்த மண்ணை ஃபேரோ காப்பாத்தினாருன்னு படம். ஊரு செத்தவங்களையே மதிச்ச மனுஷன், நாட்டையும் மதிப்பாருன்னு காட்டணுமாம். நான் ஒரு துண்டு புல்லைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு அவர் கையில குடுக்கணும். ஜாய்ஸ் பக்கத்துல நின்னு நன்றி சொல்லணும்."

"சொல்லட்டுமே. காப்பாத்தினாரு, சொல்றா."

அவன் முள்கரண்டியை எடுத்து, திரும்ப வைத்தான். "காப்பாத்தல."

பிறகு சொன்னான். போர்ச்சுகலில் இவன் மூக்கு வெந்துகொண்டிருந்த வாரம், இயந்திரம் வந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சுரண்டாகச் சுரண்டியிருக்கிறது. வலைக்குள் இருந்ததையும் சேர்த்துத்தான். மண் முழுவதும் லாரியில் ஏறி, புறவழிச் சாலை ஓரம் கட்டிக்கொண்டிருந்த சரக்குக் கிடங்குக்குப் போய், வண்டிகள் நிறுத்தும் இடத்தை மேடாக்கக் கொட்டப்பட்டு, மேலே கான்கிரீட் போட்டாயிற்று. ஃபேரோவிடம் போய்க் கேட்டிருக்கிறான். "வேலை ஒரு வாரம் தள்ளிப்போனா முதல் ஆட்டத்துக்குத் தரை இறுகாது நெவில், நீ இருந்திருந்தா மனசு கஷ்டப்பட்டிருப்ப, அதான் அனுப்பினேன்" என்றாராம். அக்கறையாகச் சொன்னாராம். ஒயின் பாட்டிலையும் வாங்கிக்கொண்டாராம்.

தட்டில் இருந்த மீனின் எண்ணெய் வாடையே தாங்கவில்லை. எடுத்துக் குப்பையில் கொட்டினேன். அப்பா ஒரு லாரிக்கு அடியில் கிடக்கிறார். அவரை அங்கே தள்ளியவர் என் தம்பியின் தோளில் கை வைத்து வாக்குக் கொடுத்தவர்.

"ஏண்டா சொல்லல?"

"எப்படி அக்கா சொல்றது? நான் பார்த்துக்கிறேன்னு சொல்லித்தானே ஒவ்வொருத்தர்கிட்டயும் வாங்கினேன். ஆல்ஃப் பொறந்த நாளுக்கு ஜாய்ஸ் வர்றா. வலைகிட்ட நின்னு பேரப்பிள்ளைங்க கதையெல்லாம் சொல்றா. நான் தொப்பியைக் கழட்டிட்டு நிக்கிறேன். அடியில பிளாஸ்டிக் நாருதான் இருக்கு."

"நாளைக்கே அவகிட்ட சொல்லு."

"சொன்னா செத்துப்போயிடுவா."

"சாக மாட்டா. ஆல்ஃபோட அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவ. ஆனா அந்த ஆளுக்குப் பக்கத்துல நின்னு நன்றி சொல்ல வெச்சேன்னா, அப்புறம் நீயும் அவரும் ஒண்ணுதான்."

அவன் எழுந்து போனான். அவனை நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. மறுநாள் ஜாய்ஸ் வீட்டுக் கதவுவரை போயிருக்கிறான். அவள் படத்துக்காகத் தலைக்குச் சுருள் போட்டுக்கொண்டு, ஆல்ஃபின் டவுன் அணிக் கழுத்துத் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாளாம். "நெவில், நான் டிவியில வரப்போறேன்டா" என்றாளாம். சொல்ல வந்ததைச் சொல்லாமல், குழாய் ஒழுகியதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

படம் பிடிக்கும் நாளில் ஜாய்ஸை நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். என் தம்பி வாய் திறந்தால் பக்கத்தில் நிற்க வேண்டும், திறக்காவிட்டாலும் நிற்க வேண்டும் என்று போனேன். பிப்பா ஓடி வந்து இருவருக்கும் டீ கொடுத்தாள். நல்ல பெண்தான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. முந்தைய கோடையில்தான் சேர்ந்தவள், தெற்கே எங்கோ படித்தவள். எங்களை நேராகக் கால்வாய்ப் பக்கத்து கோலுக்குக் கூட்டிப்போனாள்.

நெவில் அங்கே கண்ணாடிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய நல்ல கோட்டைப் போட்டிருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

ஃபேரோ வந்தார். ஜாய்ஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். காமிரா ஓடியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்: "நான் இந்த ஊருக்கு வந்தப்போ, இவங்களோட உறவுகள் இந்தப் புல்லுக்கு அடியில தூங்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இந்த இடத்தை யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேன். ஒரு அணிங்கிறது பதினொரு பேர் இல்ல. இவங்கதான் அணி. நாளைக்கு ஒரு நாடே தன்னோட மண்ணை என்கிட்ட ஒப்படைச்சாலும்..."

"கண்ணு, ஒரு நிமிஷம்," என்றாள் ஜாய்ஸ்.

காமிராக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

"இது கால்வாய்ப் பக்கம்ல?"

"ஆமாம்மா," என்றாள் பிப்பா. "இங்கதான் வெளிச்சம் நல்லா விழுது."

"வெளிச்சம் விழட்டும், ஆல்ஃப் இங்க இல்லையே. இது வெளியூர்க்காரனுங்க உக்கார்ற பக்கம்மா. அவனுங்க துப்புற எச்சிலுக்கு முன்னாடியா என் புருஷனை வைப்பேன்? உசுரோட இருந்தப்ப இந்தப் பக்கத்துக் கக்கூஸுக்குக்கூட அவன் போனதில்ல. அடக்கிக்கிட்டே வீட்டுக்கு வருவான்."

காமிராக்காரன் சிரித்துவிட்டான். ஃபேரோவும் சிரித்தார், அவள் கையை விடாமல். "எல்லாம் ஒரே புல்தானே, ஜாய்ஸ்."

எந்த வலை என்றுகூட அவருக்கு நினைவில்லை. நெவில் அவர் அறைக்குப் போய்ச் சொன்னதில், அவர் வாக்குக் கொடுத்ததில், ஒரு சொல்கூட அவருக்குள் தங்கவில்லை. வஞ்சகமாகச் சுரண்டியிருந்தாலாவது இடம் நினைவிருக்கும். இது அதைவிட அசிங்கம்.

நெவில் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"ஒரே புல்தான், ஜாய்ஸ்," என்றான். "அவர் சரியாத்தான் சொல்றார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நாள்ல சுருட்டிக் கொண்டாந்து விரிச்சது. ஆல்ஃப் அங்கயும் இல்ல."

"நெவில், இதை நாம தனியாப் பேசிக்கலாம்," என்றார் ஃபேரோ.

"தனியாப் பேசித்தான் ஸார் இந்த லட்சணத்துல நிக்கிறோம்."

ஜாய்ஸ் தன் கையை ஃபேரோவிடமிருந்து உருவிக்கொண்டாள். "எங்கடா இருக்கான்?"

நெவில் சொன்னான். கிடங்கு, லாரி, கான்கிரீட், போர்ச்சுகல், எல்லாம். எதையும் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. காமிராவை யாராவது நிறுத்தினார்களா என்று எனக்குத் தெரியாது.

"அப்ப போன பொறந்த நாளுக்கு நான் வந்து நின்னு பேசினேனே?"

"அப்பவும் அவன் அங்க இல்ல ஜாய்ஸ்."

"நீ தொப்பியைக் கழட்டிட்டுப் பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"என்னைக் கோமாளி ஆக்கிட்ட."

"ஆமா."

ஃபேரோ அவள் தோளில் கை வைத்தார். அதே கைதான், அதே மாதிரிதான். "உங்க வேதனை எனக்குப் புரியுது, ஜாய்ஸ். நிச்சயமா ஒரு நினைவுக் கல்லு..."

"கையை எடு," என்றாள்.

எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிப்பாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் வரும் சுரங்க வழியாக உள்ளே போனார். வேகமாகக்கூடப் போகவில்லை. மழைக்கு ஒதுங்குகிறவரைப்போலப் போனார். பிப்பா புல்லில் உட்கார்ந்து அழுதாள்.

ஜாய்ஸ் அப்போதே அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நெவிலின் வண்டியில் மூவரும் போனோம். கிடங்கின் வாசல் காவலாளி நாங்கள் சொன்னதைப் புரிந்துகொள்ளாமலே உள்ளே விட்டான். கான்கிரீட்டில் எண்ணெய் திட்டுத் திட்டாகக் கிடந்தது. வேலி ஓரம் முழுக்க, லாரிக்காரர்கள் மூத்திரம் பிடித்து எறிந்த பாட்டில்கள் மஞ்சளாக வெயிலில் கிடந்தன. ஒரு லாரி பின்னோக்கி வந்து பீப் பீப் என்று கத்த, நாங்கள் ஒதுங்கினோம். ஜாய்ஸ் நின்று பார்த்தாள். என் அப்பாவும் இங்கேதான் என்று எனக்கு நினைவு வந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது ஜாய்ஸ் சொன்னாள்: "அந்த ஆளைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல நெவில். அவன் யாரு, நான் யாரு. நீ எங்க வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ணிட்டுப் போனியே, அதைத்தான் என்னால தாங்க முடியல. இனிமே இந்தப் பக்கம் வராத."

என் தம்பி தலையாட்டினான்.

ஊர் என்ன சொல்லும் என்று நான் நினைத்தேனோ, அது நடக்கவில்லை. ஃபேரோவின் மேல் கோபப்பட்டவர்கள் கை விரல்களுக்குள் அடங்குவார்கள். மீன் கடையில் டெஸ் என்னிடமே சொன்னார்: "உன் தம்பி இன்னும் ஒரு மாசம் வாயை மூடியிருக்கலாம். நம்ம ஊரு மேனேஜர் நாட்டுக்கே மேனேஜர் ஆகப்போற நேரத்துல, சாம்பல் கதை தேவையா?"

"உங்க அண்ணனும் அந்த வலைக்குள்ளதான் இருந்தார், டெஸ்."

"அண்ணன் போயிட்டான். கோப்பை இருக்கு."

நான் வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. ஃபேரோவைப் பார்த்து வந்த அருவருப்பைவிட அது பெரிதாக இருந்தது. அவர் எங்கிருந்தோ வந்தவர். இவர்கள் எங்களோடு மழையில் நின்றவர்கள். நாலு வெள்ளிப் பாத்திரத்துக்கு அண்ணனை விட்டுக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

படம் வெளியாகத்தான் செய்தது. ஜாய்ஸ் இல்லை, நெவில் இல்லை. ஃபேரோ மட்டும் கால்வாய்ப் பக்கத்து கோலுக்கு முன்னால் மண்டியிட்டு, பிளாஸ்டிக் நார் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடியிருந்தார். எளிய மக்களின் மனதை அறிந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு பத்திரிகை, மைதான ஊழியர் ஒருவரின் கண்ணீர் மல்கும் நன்றி என்று ஒரு வரி சேர்த்திருந்தது. நெவில் அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. நாட்டு அணி அவருக்குக் கிடைத்தது.

அலுவலகத்தில் நெவிலைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவன் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான். ஒரு வாரம் என் வீட்டு ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு நாள் குளித்து, முகம் மழித்து, அந்த நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"எங்கடா?"

"அவங்க அவங்க வீட்டுக்கு. ஜாய்ஸுக்கு அப்படித் தெரியவந்த மாதிரி மத்தவங்களுக்குத் தெரியக்கூடாது. பேப்பர்ல படிச்சும் தெரியக்கூடாது. யார் யார்கிட்ட வாங்கினேனோ, அவங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன்."

"எல்லார்கிட்டயுமா? பாதிப் பேர் ஊரைவிட்டே போயிட்டாங்க."

"போன ஊருக்குப் போறேன்."

கோடை முழுவதும் போனான். சில நாள் நானும் போவேன். வாசல் கேட்டோடு நின்றுகொள்வேன், உள்ளே போக மாட்டேன். ஒரு கிழவர் அவனைக் கட்டிக்கொண்டார். ஒருத்தி கேட்டுவிட்டு, "அம்மா எனக்கு என்ன பெரிசாச் செஞ்சிட்டா, விடுங்க" என்று சிரித்தாள். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிப் படியிலிருந்து தள்ளினான். நெவில் எழுந்து, கோட்டைத் தட்டிக்கொண்டு, அடுத்த விலாசம் எந்தப் பேருந்தில் போக வேண்டும் என்று என்னைக் கேட்டான். திருப்பி அடிக்கச் சொல்லி நான் கத்தினேன். "அவனுக்கு உரிமை இருக்கு அக்கா" என்றான்.

ஃபேரோ நாட்டு அணியோடு முதல் ஆட்டத்துக்கு இறங்கிய மாலையில் நாங்கள் தூரத்து ஊர் ஒன்றின் வெஸ்ட் ரோ தெருவில் இருந்தோம். தெருவில் ஒருவரும் இல்லை. எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நெவில் ஒரு கதவைத் தட்டினான். பெர்ட்ரம் ஷாக்கிள்டன் என்று ஒருவர், தன் இளைய மகன் கெவினின் சாம்பலைக் கொண்டுவந்து வைத்தபின் எங்கள் ஊரைவிட்டே போனவர், கையில் பீர் டம்ளரோடு திறந்தார்.

"நெவில்? என்னப்பா இந்த நேரத்துல? ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. நம்ம ஆளு நிக்கிறார் பாரு, வா வா, வந்து உக்காரு."

ஜன்னல் வழியாக எனக்கும் தெரிந்தது. தேசிய கீதம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேரோ நெஞ்சில் கை வைத்து, வாயைப் பெரிதாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"உக்கார வரல, பெர்ட்ரம்," என்றான் நெவில். "கெவினைப் பத்திச் சொல்லணும். அந்த டிவியைக் கொஞ்சம் நிறுத்துறியா?"

அவர் நெவிலின் முகத்தைப் பார்த்தார். டம்ளரை வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். பாட்டு நின்றது. நெவில் தொப்பியைக் கழற்றாமல், படியில் நின்றபடியே, அவர் திரும்பி வரக் காத்திருந்தான்.